தையல்நாயகி கொடுத்த அறிக்கை

முதலியார்பேட்டை யூனியன் ஆபீசில்
முதலில் பேசியது கலியவரதன்.
இத்தனை கதிர், இத்தனை தறி,
வருஷத்துக்கு இத்தனை கோடி மீட்டர் துணி.
எல்லாம் எழுதி வைத்திருந்தார். நடுவில் ஒரு சோடா குடித்தார்.
குடித்த கையோடு
இவானவோ ரயில் நிலையத்து சோடா மிஷினுக்கு வந்தார்:
காசு போட்டால் தண்ணீர் கொட்டும்,
பக்கத்தில் ஒரே ஒரு கண்ணாடித் தம்ளர்,
ஊரே அதில்தான் குடிக்கிறது,
சங்கிலி கிடையாது தோழர்களே, சங்கிலியே கிடையாது!
கைதட்டல் அடங்க நேரமானது.

நானும் அந்தத் தம்ளரில் குடித்தேன்.
சங்கிலியை நான் தேடவில்லை.
எனக்கு முன்னால் ஒரு பட்டாளத்துக்காரர்,
எனக்குப் பின்னால் முட்டைக்கோசு மூட்டையோடு ஒரு அம்மாள்.
நான் வைத்த தம்ளரை அவள் எடுத்து
ஒரு சுற்றுக் கழுவிக் குடித்தாள்,
பட்டாளத்துக்காரர் வைத்ததை நான் கழுவியது போலவே.
மறுபடி வரிசையில் போய் நின்றேன்.
தாகம் முதல் தடவையே தீர்ந்திருந்தது.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்,
பெண் தோழரும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று.

பனி எப்படி இருந்தது என்றார்கள்.
ப்ளோரூமில் பதினோரு வருஷம் பார்த்ததுதான்,
ஆனால் இருமல் வரவில்லை என்றேன்.
மில்லுக்குள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் உண்டு.
ஒவ்வொரு துண்டிலும் ஒரு படம்: வாத்து, காளான், கப்பல்.
எழுத்துத் தெரியாத வயதில்
வாத்துப்பிள்ளை வாத்துத் துண்டில் முகம் துடைக்கும்.
முப்பது பிள்ளைகள் தூங்குவதைக்
கதவிடுக்கில் பார்த்தேன்.
நம் மில்லிலும் அப்படி ஒரு அறை உண்டே,
உடைந்த கதிர் போட்டு வைத்திருக்கிறார்களே, என்று சொன்னதும்
வைண்டிங் பெண்கள் சிரித்தார்கள்.
ஆண்கள் தாமதமாகச் சிரித்தார்கள்.

கியூ உண்டா என்று பின்னாலிருந்து சகாயமேரி.
உண்டு. ஷிப்டு முடிந்தால் கியூ.
என்ன விற்கிறார்கள் என்று தெரியுமுன்பே நின்றுவிடுவார்கள்.
ஒருநாள் நானும் நின்றேன், ஒரு மணி நேரம். எலுமிச்சம்பழம்.
நிற்பது யார், என்றாள் மேரி.
பொம்பளைங்கதான் என்றேன்.
செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கலினாவைப் பற்றி அங்கே சொல்லவில்லை.

அந்த ஷெட்டில் மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்து திறந்து மூடினார்.
இரைச்சல். அவருக்குப் பழக்கமில்லை.
எனக்கும் கலினாவுக்கும் பழக்கம்.
நூல் அறுந்தது, கோன் தீர்ந்தது, இடுப்பு வலிக்குது,
எத்தனை பிள்ளை, வீட்டுக்காரர் குடிப்பாரா,
எல்லாம் கையாலும் உதட்டாலும் பத்து நிமிஷத்தில் முடிந்தது.
என் எவர்சில்வர் டிபன்பாக்ஸை
மூடித் திறந்து, திறந்து மூடிப் பார்த்தாள்.
அவர்கள் கரண்டியெல்லாம் அலுமினியம், விரலால் வளைக்கலாம்.
வைத்துக்கொள் என்றேன்.
அவள் தலைத்துணியை அவிழ்த்து என் கையில் திணித்தாள்.

அப்போதுதான் அடுத்த மிஷின்காரி
காலரை இழுத்துக் கழுத்தை மூடினாள்.
கலினாவின் கை டிபன்பாக்ஸை ஏப்ரனுக்குள் தள்ளியது,
கண் நூலுக்குப் போனது.
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை;
என் கையும் தானாகப் பின்னால் போனது, துணியோடு.
இங்கே நாம் மூக்கின் கீழ் மீசை வரைவோம்.
அங்கே காலர்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி
பலகையில் ஏதோ குறித்துக்கொண்டு தாண்டிப் போனாள்.
சுவரில் பெரிய எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது.
வெளியே வந்து கேட்டேன்.
இந்த மில்லின் எஜமானர் நீயே, என்று அர்த்தமாம்.

திங்கட்கிழமை முதல் ஷிப்டு.
சங்கு ஊதி அரை மணி இருக்கும்,
எதிர் வரிசையில் சகாயமேரி மீசை வரைந்தாள்.
குனிந்து கோனை மாற்றினேன்.
மாற்றிவிட்டு, ஏனென்று தெரியவில்லை,
அவளைப் பார்த்து
காலரை இழுப்பது போல்
முந்தானையைக் கழுத்துவரை இழுத்தேன்.
குளிருதா, என்றது அவள் உதடு.